சட்டை சாத்திய பிள்ளையார்

கண்களை மூடிக்கொண்டு பாடுவது என் வழக்கம். அந்த வெள்ளிக்கிழமைக் காலையிலும் அப்படித்தான் பாடினேன். பள்ளி வாயிலுக்கு வெளியே, பலாமரத்தடிச் சின்னக் கோயிலில், இரண்டடி உயரப் பிள்ளையாருக்கு முன்னே நின்று, பதிகத்தின் கடைசி அடியை வேண்டிய மட்டும் நீட்டி முடித்துக் கண்ணைத் திறந்தேன். மூடுபனி சற்றே விலகியது. விநாயகப் பெருமான் முழுக்கைச் சட்டை அணிந்திருந்தார்.

நீலக் கட்டம் போட்ட சட்டை. கழுத்துப் பொத்தான்வரை முறையாக மாட்டப்பட்டிருந்தது. துதிக்கை பொத்தான் வரிசையின்மேல் பாந்தமாகப் படிந்திருந்தது. பையில் பாதி பிடித்து அணைத்த பீடி ஒன்று எட்டிப் பார்த்தது. அவருடைய தோளிலும் தலையிலுமாக மேலும் எட்டுச் சட்டைகள் அடுக்கப்பட்டிருந்தன. சந்தனமும் அறுகம்புல்லும் மணக்க வேண்டிய சந்நிதியில் மரப்புகையும் காப்பிப் பழத் தோலின் புளித்த வாடையும் மணத்தன.

இறைவனைப் புலித்தோல் உடுத்தவனாக, யானைத்தோல் போர்த்தவனாக, பட்டு அணிந்தவனாக, வெறும் சாம்பல் பூசியவனாகப் பாடிய அடியார்கள் பலர். அவர்களில் ஒருவரும் அவனைக் கட்டம் போட்ட சட்டையில் கண்டதாகச் சொன்னதில்லை. அந்தப் பெரும்பேறு, காலையில் இரண்டு டம்ளர் காப்பி குடித்த எனக்குக் கிடைத்தது.

பக்தி மேலிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. கோபம் மேலிட்டது. ஏனென்றால், அந்தச் சட்டைகள் அங்கே வந்து சேர்ந்ததற்குக் காரணம் நான்.

ஜூன் மாதத்தில் எழுதிய சட்டம்

அப்போது ஏற்காட்டில் ஓர் உயர்நிலைப்பள்ளியில் தமிழாசிரியராக இருந்தேன். எந்த ஆண்டு என்று என் மகன் துளைத்தெடுக்கிறான். எழுபதுகள் முடிந்திருந்தன, எண்பதுகள் முழுதாக வரவில்லை, அவ்வளவுதான் நினைவு. மழை மட்டும் துல்லியமாக நினைவிருக்கிறது.

அந்தக் கல்வியாண்டின் தொடக்கத்தில் புதிய தலைமையாசிரியர் சேலத்திலிருந்து மாறுதலாகி வந்தார். நல்லவர். காலண்டரில் உள்ள சாமிகளுக்கெல்லாம் பயப்படுபவர். இன்ஸ்பெக்ஷன் என்றால் மட்டும் சாமிகளைவிட அதிகமாகப் பயப்படுபவர். ஜூன் மாதத்து ஏற்காட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆஹா, என்ன இதமான காற்று!" என்றார். அந்தக் காற்றை நம்பி, ஆண்டு முழுவதற்குமான சீருடைச் சட்டத்தை அன்றே எழுதினார்.

ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவியர் பச்சைப் பாவாடை, வெள்ளைத் தாவணி அணிய வேண்டும். ஸ்வெட்டர் அணியலாம், ஆனால் அதுவும் பாவாடையின் அதே பச்சையில் இருக்க வேண்டும். அந்தப் பச்சை சேலத்தில் ஒரே ஒரு கடையில் கிடைத்தது. எங்கள் மாணவியர் பலர் வருகிற தலைச்சோலை என்னும் மலைக்கிராமத்தில் ஒரு வீட்டிலும் கிடைக்கவில்லை.

மலைக்காரப் பெண்களுக்குக் குளிருக்கென்று ஒரு வழி உண்டு. எஸ்டேட்டில் பழம் பறிக்கும் பெண்கள் சேலைக்குமேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். குளிருக்கும் ஆயிற்று, செடி கீறாமலும் ஆயிற்று. அவர்களுடைய பெண்களும் அதையே செய்தார்கள். தாவணிக்குமேல் அப்பன் சட்டையைப் போட்டு, கையை நான்கு மடிப்பு மடித்துவிட்டு, மலைச்சரிவு ஏறிப் பள்ளிக்கு வந்தார்கள்.

தலைமையாசிரியருக்கு அது பொறுக்கவில்லை. "இது பள்ளிக்கூடமா, பழம் பறிக்கிற காடா?" என்றார். 'தாவணிக்குமேல் சட்டை அணிதல் அறவே கூடாது' என்று சுற்றறிக்கை வந்தது. அதை நிறைவேற்றச் சீருடைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. குழு என்றால் பலர் என்று எண்ண வேண்டாம். நான் ஒருவன்தான்.

கணக்காசிரியர் மறுத்துவிட்டார். விளையாட்டாசிரியர் முதுகுவலி என்றார். நான் மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், உவந்து ஏற்றேன். காலை வழிபாட்டில் நின்று, "இறைவனுக்கே இன்ன அணி, இன்ன ஆடை என்று முறை உண்டு, மனிதப் பிறவிகளுக்கு வேண்டாமா?" என்று அரைமணி நேரம் முழங்கினேன். கைதட்டல் பலமாக இருந்தது. கைதட்டினால் உள்ளங்கை சூடாகும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

என் உடைமைகள்

இவ்விடத்தில் என் சொந்த உடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒளித்தால் நினைவுக் குறிப்பு எழுதுவதில் பயனில்லை.

நவம்பர் மாதத்தில் நான் பள்ளிக்குச் செல்லும் கோலம் இது: பனியன், அதன்மேல் கதர்ச் சட்டை, அதன்மேல் கம்பளிச் சால்வை, கழுத்தில் மப்ளர், தலையில் குரங்குக் குல்லாய். வேட்டிக்கு உள்ளே முழங்கால்வரை ஒரு கம்பளி டிராயர். அது என் மைத்துனர் பட்டாளத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. இவ்வளவையும் பூண்டுகொண்டு வாயிலுக்கு உட்புறம் நின்று, தாவணிக்குமேல் அப்பன் சட்டையோடு நடுங்கி வருகிற பெண்களிடம், "சட்டையைக் கழற்று" என்பேன். நெற்றியில் திருநீறு பளிச்சென்று இருக்கும்.

இதைவிடக் கேவலமான ஒன்றும் உண்டு. எனக்கே இது முன்னர் நேர்ந்திருந்தது. சமவெளியில், ஆறாம் வகுப்பு சேர்ந்தபோது எனக்குக் குடுமி இருந்தது. கிராப்பு வைத்தால்தான் வகுப்பில் உட்காரலாம் என்றார்கள். ஒரு சனிக்கிழமை கத்தரித்துவிட்டார்கள். அதற்கப்புறம் ஒரு மாதம்வரை, குளித்து முடித்ததும் என் கைகள் தாமாகப் பின்தலைக்குப் போய், இல்லாத குடுமியை முடிந்துவிட்டுத் திரும்பின. அன்று அழுதவன், இன்று கத்தரிக்கோலைப் பிடித்திருந்தான். பதிகங்கள் பல நூறு மனப்பாடம் ஆன மண்டையில் இது ஒன்று மட்டும் ஏறியிருக்கவில்லை.

ஒன்பது சட்டைகள் சிறைப்பட்டன

பெண்கள் புத்திசாலிகள். சட்டையோடு உள்ளே வரக் கூடாது என்றுதானே சட்டம்? வாயில்வரை அணிந்து வந்தார்கள். மணி அடிப்பதற்குமுன் கழற்றி, மழை படாத இடமாகப் பார்த்துப் பிள்ளையார்மேல் சாத்திவிட்டு உள்ளே ஓடினார்கள். மாலையில் எடுத்துப் போட்டுக்கொண்டு வீடு திரும்பினார்கள். கதவில்லாத அந்தச் சின்னக் கோயிலுக்குக் கூரை மட்டும் நன்றாக இருந்தது. சில நாட்களாகவே இது நடந்திருக்கிறது. நான் வழக்கமாக முதல் மணிக்கு முன்பே பாடி முடித்துவிடுவேன். அந்த வெள்ளிக்கிழமை காப்பி இரண்டாவது டம்ளருக்கு நீண்டதால் தாமதித்தேன். கண்ணை மூடிப் பாடவும் செய்தேன். அதற்குள் காரியம் முடிந்திருந்தது.

"யார் செய்த வேலை இது?" என்று பத்தாம் வகுப்பில் போய் நின்றேன்.

முன்வரிசையில் இருந்து வெள்ளச்சி எழுந்தாள். தலைச்சோலைப் பெண். ஒல்லியான உருவம், பயம் என்பதை எங்கோ வழியில் தவறவிட்டுவிட்டு வந்தவள்.

"நாந்தானுங்க ஐயா. மொதல்ல நான் போட்டேன். அப்பறம் எல்லாரும் போட்டாங்க."

"சாமிமேல அழுக்குச் சட்டையைப் போடலாமா?"

"அழுக்கில்லீங்க. நேத்துத்தான் தொவச்சது. அதுவுமில்லாம, அவருக்குந்தான குளுரும்?"

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஒன்பது சட்டைகளையும் அள்ளி வந்து ஆசிரியர் அறையிலிருந்த பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். "மாலையில் வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்" என்றேன்.

மாலையில் நான் இல்லை.

வெள்ளிக்கிழமைதோறும் கடைசி வகுப்பை விரைவாக முடித்துவிட்டுச் சேலம் பஸ்ஸைப் பிடிப்பேன். சனிக்கிழமைகளில் அங்கே எங்கள் பாராயணக் குழு கூடும். அன்றைக்கும் ஓடினேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பஸ் திரும்பத் திரும்ப, மழை கண்ணாடியில் அறைந்தது. அந்தப் பெண்களையோ சாவியையோ நான் ஒருமுறைகூட நினைக்கவில்லை.

மறுநாள் நான் விரித்துரைத்த பொருள், அடியார்களின் குளிர் தீர்க்கும் இறைவனின் பெருங்கருணை. மிகவும் உருக்கமாகப் பேசினேன். கூட்டம் கண்ணைத் துடைத்தது. முடிவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஏற்கெனவே இருந்த சால்வையின்மேல் போர்த்தியதால் வியர்த்தது.

என் சட்டை பள்ளிக்கூடம் போயிருக்கிறது

திங்கட்கிழமை காலை ஆசிரியர் அறைக்குமுன் ஏழு ஆண்கள் வரிசையாக நின்றார்கள். எல்லாரும் எஸ்டேட்டில் கொடுக்கும் கறுப்புக் கம்பளியைப் போர்த்தியிருந்தார்கள். ஏதோ தீட்சை பெற்ற அடியார் கூட்டம் வந்துவிட்டதென்று ஒரு கணம் நினைத்துக் கைகூப்பப் போனேன்.

முன்னால் நின்றவர் கம்பளியை விலக்கினார். உள்ளே வெறும் மார்பு.

"ஏனுங்க புலவரய்யா, எஞ்சட்டய என்னங்க பண்டுனீங்க?"

அவர் வெள்ளச்சியின் தந்தை. பெயர் சடையன். நான் நாள்தோறும் உருகி உருகி அழைக்கும் எம்பெருமான் சிவனுடைய பெயர். அழைத்த பெயருக்குரியவர் சட்டையில்லாமல் வந்து என்னிடமே கணக்குக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"ஒரே சட்டைதானா?" என்றேன். அந்தக் கேள்வியை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"நல்லது ஒண்ணுதானுங்க. பகல்ல புள்ள போட்டுக்குவா. பொழுது எறங்குனா நான் போட்டுக்குவேன். நேத்து மச்சான் ஊட்டுல விசேசமுங்க. கம்பளியோட போய் நின்னேன். ஏன் மாமா, காச்சலான்னு கேட்டாங்க. காச்சலில்ல, எஞ்சட்ட பள்ளிக்கோடம் போயிருக்குது, இன்னும் ஊடு திரும்பலன்னு சொன்னனுங்க. பந்தியே சிரிச்சுப்புட்டுது."

மற்ற ஆறு பேரும் இப்போது சிரித்தார்கள். வராத இருவர் இரண்டு சட்டை வைத்திருந்த செல்வந்தர்கள்.

பீரோவைத் திறக்கலாமென்று இடுப்பைத் தடவினேன். சாவி இல்லை. பாராயணத்துக்குக் கட்டிய வேட்டியின் மடிப்பில் அது சேலத்திலேயே தங்கி, சலவைக்குப் போயிருந்தது. ஏழு தந்தையர் பார்த்திருக்க, பள்ளிப் பியூன் முனுசாமி ஒரு கருங்கல்லை எடுத்து வந்து பூட்டை நான்கு போடு போட்டு உடைத்தார். "நல்ல பூட்டுங்க" என்று பாராட்டவும் செய்தார். ஈரத்தோடு அடைபட்டிருந்த சட்டைகள் பூசணம் பிடித்து வெளியே வந்தன. ஒவ்வொருவரும் தம் சட்டையை மோந்து பார்த்தே அடையாளம் கண்டார்கள்.

சடையன் அங்கேயே போட்டுக்கொண்டார். பையைத் தடவி, பீடி பத்திரமாக இருப்பதை உறுதி செய்தார்.

"வெள்ளச்சி வரவில்லையா?" என்றேன்.

"வெள்ளிக்கெழம நனஞ்சு வந்து விழுந்தவதானுங்க. ரெண்டு நாளாக் காச்சல். இன்னைக்குத் தேவலை."

"அப்படியானால் நாளைக்கு வரச் சொல்லுங்கள். புதன்கிழமை பரீட்சைப் பட்டியல் சேலம் போகிறது. அவள் கையெழுத்துப் போட்டாக வேண்டும். விட்டால் இந்த வருடம் பத்தாம் வகுப்புத் தேர்வே எழுத முடியாது."

சடையன் தலையைச் சொறிந்தார். "அவ வரமாட்டாளுங்க. பழம் பறிக்கப் போறேங்கறா. நானாச் சொல்லலீங்க, அவளேதான் சொல்றா. எஸ்டேட்டுல சட்ட போட்டுட்டுப் போனா ரைட்டரு ஒண்ணும் கேக்கறதில்லியாமா."

அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. செய்தியாகத்தான் சொன்னார். எஸ்டேட்டில் ஆள் பேர் எழுதுகிற ரைட்டருக்கு இருந்த இரக்கம், இறைவனை எழுத்தெண்ணிப் படித்த எனக்கு இல்லை என்பதை நானாகவே கண்டுகொள்ள வேண்டியிருந்தது.

பத்தாம் வகுப்பில் தமிழில் முதல் மாணவி அவள்தான். மற்ற பாடங்களிலும் தேறிவிடுவாள். அவளுடைய கிராமத்திலிருந்து பெண் ஒருத்தி பத்தாவது தேர்வு எழுதி அதுவரை நாங்கள் யாரும் கண்டதில்லை.

தலைச்சோலைக்குப் போனது

செவ்வாய்க்கிழமை பிற்பகல் விடுப்புப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். பஸ் பாதி வழியில் இறக்கிவிட்டது. மிச்சத்தைக் காப்பித் தோட்டங்களினூடே நடந்தேன். பாதி நடையில் மழை பிடித்தது. கம்பளிச் சால்வை நனைந்தால் கன்றுக்குட்டி அளவு கனக்கும் என்பதை அன்று அறிந்தேன். ஒரு சரிவில் வழுக்கி விழுந்து, உட்கார்ந்தபடியே சிறிது தூரம் பயணம் செய்தேன். நாவில் இறைவன் நாமம் வந்தது. ஆனால் அது பாடும் சுருதியில் வரவில்லை.

சடையன் வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வெள்ளச்சி கம்பளியை முக்காடிட்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். செம்மண் சொட்டச் சொட்ட நின்ற என்னைப் பார்த்தாள்.

"யாருன்னு பாத்தா, நம்ம சீருடைங்களா!" என்றாள்.

"ஐயாவ அப்படிப் பேசாத கண்ணு" என்று அவள் தாய் அதட்டிவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். "நாளைக்குக் கையெழுத்துப் போடோணும் கண்ணு. வந்துரு."

"சட்டையோடயா, சட்டையில்லாமயா ஐயா?"

நான் சால்வை நுனியைப் பிழிந்தேன். "பள்ளிக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்குதில்ல?"

"அந்த ஒழுங்கு உங்களுக்கும் உண்டுங்களா? நீங்க உள்ளுக்குள்ள கம்பளி டிராயர் போட்டிருக்கறது எங்க கிளாசுக்கே தெரியுமுங்க. போர்டுல எக்கி எழுதறப்ப வேட்டி தூக்குது. பச்சக் கலரு. அது மட்டும் சீருடைக்கு ஒத்துப் போவுதுன்னு நாங்க பேசிக்குவோம்."

பட்டாளத்துப் பச்சை. இத்தனை காலம் நான் யாப்பிலக்கணம் நடத்திக்கொண்டிருக்க, முப்பத்தாறு பேர் வேறொன்றைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அவள் அதோடு விடவில்லை. எழுந்து போய்ப் புத்தகப் பையிலிருந்து கட்டுரை நோட்டை எடுத்து வந்தாள். முதல் பாடவேளையில் எழுதிய கட்டுரை. கீழே சிவப்பு மையில் என் கையெழுத்து: 'எழுத்து கோணல். பத்து முறை எழுதுக.' அதற்கு முந்தைய கட்டுரையிலும் அதே. அதற்கு முந்தையதிலும்.

"பத்துத் தடவ எழுதுனேனுங்க. அது கோணலில்லீங்க ஐயா, குளுரு."

நான் நோட்டை வாங்கிப் புரட்டினேன். ஜூலையில் முத்து முத்தான எழுத்து. ஆகஸ்டில் லேசான அலைவு. அக்டோபர் வந்ததும் ஒவ்வொரு கொம்பும் ஒவ்வொரு சுழியும் நடுங்கியது. நோட்டின் கடைசிப் பக்கங்கள் வீட்டில் அடுப்படியில் எழுதியவை. அவை மறுபடியும் முத்து. எல்லாமே என் மேசைக்கு வந்துபோன பக்கங்கள். எல்லாவற்றிலும் என் சிவப்பு மை இருந்தது.

என் பற்கள் அடித்துக்கொண்டன. உருக்கத்தாலா, ஈரத்தாலா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல இயலாது.

சடையன் அதைப் பார்த்தார். மறுபேச்சில்லாமல் தம் நீலக் கட்டச் சட்டையைக் கழற்றி நீட்டினார். "போட்டுக்குங்க சாமி. குளுருக்குச் சட்ட மேல சட்ட போட்டாத்தானுங்க தாங்கும்." கம்பளியை எடுத்து மறுபடி வெறும் மார்பின்மேல் போர்த்திக்கொண்டார்.

போட்டுக்கொண்டேன். அவ்வளவு இதமான ஆடையை நான் அதற்குமுன் அணிந்ததில்லை. பீடி வாடை உட்பட.

வாசல்வரை வெள்ளச்சி வந்தாள். "நாளைக்கு இந்தச் சட்டையோட பிரேயருக்கு வாங்க ஐயா. நான் கேட்டுக்கு வெளிய நின்னு பாக்கறேன். உள்ள வர்றதா, ஊட்டுக்குத் திரும்பறதான்னு அப்பப் பாத்துக்கலாமுங்க."

களையலாமா, நீங்களே சொல்லுங்கள்

புதன்கிழமை காலையில் என் நிலை பின்வருமாறு. சால்வை கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. மப்ளர் கொடியில். புகழ்பெற்ற டிராயர் கொடியில். பொன்னாடை இருந்தது, ஆனால் பொன்னாடை குளிருக்கு எதற்கும் ஆகாது. கதர்ச் சட்டையும், அதன்மேல் சடையன் சட்டையும்தான் மிச்சம்.

வாயிலுக்கு வெளியே வெள்ளச்சி தாவணியோடு கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். வரும் வழியெல்லாம் போர்த்தி வந்த கம்பளியை வேண்டுமென்றே மடித்துச் சுவரில் வைத்திருந்தாள். அவளோடு மற்ற எட்டுப் பேரும் நின்றார்கள். ஒருத்தியும் வணக்கம் சொல்லவில்லை.

நேரே உள்ளே போக எனக்குத் துணிவில்லை. வேலை போய்விடாது. ஆனால் தலைமையாசிரியர் எல்லார் முன்னிலையிலும் "கழற்றுங்கள்" என்று சொன்னால் கழற்றிவிடுவேன் என்று எனக்கே தெரிந்திருந்தது. அதற்கப்புறம் வெள்ளச்சி பட்டியலில் இருக்க மாட்டாள்.

பலாமரத்தடிக்குப் போனேன். சட்டையைக் கழற்றினேன். பிள்ளையாருக்குச் சாத்தினேன். வெள்ளிக்கிழமை சிறைப்பிடித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். இச்சமயத்துக்கேற்ப ஒரு வெண்பா பாடலாமென்று பார்த்தேன். சட்டைக்கு எதுகையாகக் கட்டையும் மொட்டையும் கொட்டையுமே வந்து நின்றன. ஆகவே மௌனமாகக் கும்பிட்டேன். கும்பிட்ட கையோடு சட்டையைத் திரும்ப எடுத்து, கண்ணில் ஒற்றி, போட்டுக்கொண்டு உள்ளே நடந்தேன்.

பிரேயர் வரிசை முழுவதும் என் பக்கம் திரும்பியது. தலைமையாசிரியர் மேடையிலிருந்து இறங்கி வந்தார்.

"புலவரே, இதென்ன வேஷம்? சீருடைக் குழுவே இப்படி வந்தால்?"

"வேஷமில்லை ஐயா. சாமிக்குச் சாத்திய வஸ்திரம். பிரசாதமாக வாங்கி அணிந்திருக்கிறேன்."

"இது பழம் பறிக்கிறவன் சட்டை!"

"சாத்தும்வரைக்கும் அப்படித்தான். சாத்திய பிறகு வஸ்திரம். இறைவன் உடுத்திக் களைந்ததை உடுத்திக்கொள்வது அடியார் வழக்கம். தங்களுக்குத் தெரியாததா?" குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "கழற்றச் சொன்னால் இந்த நிமிடமே கழற்றுகிறேன். அந்தப் பாவத்தை மட்டும் தாங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். மாத இறுதியில் இன்ஸ்பெக்ஷன் வேறு இருக்கிறது."

அவர் முகம் மாறியது. வாயிலுக்கு வெளியே பலாமரத்தைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார். பிறகு, முந்நூறு மாணவர் காண, வலக்கை விரல்களால் சட்டை நுனியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"வேண்டாம், வேண்டாம். போட்டுக்கொள்ளுங்கள்."

வாயிலில் சலசலப்பு கேட்டது. அப்போதே எட்டுப் பெண்களும் பிள்ளையாரைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். சட்டையை வைப்பதும் கும்பிடுவதும் எடுப்பதுமாக, எட்டு வஸ்திரங்கள் எட்டு நொடியில் புனிதமாயின. சுற்றறிக்கை அப்படியே சுவரில் ஒட்டியிருந்தது. 'தாவணிக்குமேல் சட்டை கூடாது' என்றிருந்ததே தவிர, வஸ்திரத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அடுத்த வாரம் மாதா கோயில் தெருப் பிள்ளைகளும் மரியாதையாகப் பிள்ளையாரிடம் காட்டிவிட்டே ஸ்வெட்டர் அணிந்தார்கள்.

இங்கே ஓர் ஒப்புதல். அண்மையில் சேலத்தில் ஒரு பக்தர், ஏற்காட்டில் சட்டை சாத்தி வழிபடும் பிள்ளையார் ஒருவர் இருப்பதாகவும், அது ஆயிரம் ஆண்டு ஐதீகம் என்றும் என்னிடமே விளக்கினார். பக்தியோடு கேட்டுக்கொண்டேன். வாய் திறக்கவில்லை.

மீண்டும் அந்தக் காலைக்கு வருகிறேன். எட்டுப் பேர் உள்ளே வந்துவிட்டார்கள். வெள்ளச்சி மட்டும் வாயிலிலேயே நின்றாள். அவளுடைய சட்டை என் உடம்பில் இருந்தது.

நான் வரிசைகளின் நடுவே நடந்து அவளிடம் போனேன். மேல் பொத்தானில் கைவைத்தேன். விறைத்த விரல்களுக்குப் பொத்தான் அகப்படவில்லை.

"ஐயா, பொத்தான மாத்திப் போட்டிருக்கீங்க. ஒண்ணு மேல ஏறிக் கெடக்குது" என்றாள் வெள்ளச்சி. "சீருடை பாக்கறவரு நீங்களே இப்படிப் பண்ணுனா எப்படீங்க?"

பள்ளி முழுவதும் சிரித்தது. தலைமையாசிரியரும் சிரித்தார். ஒருவழியாகக் கழற்றிக் கொடுத்தேன். அவள் அதைக் கண்ணில் ஒற்றாமல் சும்மா உதறி, தாவணிக்குமேல் போட்டு, கைகளை நான்கு மடிப்பு மடித்துவிட்டு, வாயிலைத் தாண்டி உள்ளே வந்தாள்.

முதல் பாடவேளையில் அலுவலக அறையில் பரீட்சைப் பட்டியலை விரித்தார்கள். ஜன்னல் வழியே பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. வெள்ளச்சி குனிந்து தன் பெயரை எழுதினாள். நான் எட்டிப் பார்த்தேன். ஒரு சுழியும் அலையவில்லை. ஜூலை மாதத்து எழுத்து.

அதன் பக்கத்தில் வகுப்பாசிரியர் என்ற முறையில் நானும் கையெழுத்திட வேண்டியிருந்தது. கதர்ச் சட்டை மட்டும் அணிந்திருந்த நான் பேனாவை வாங்கினேன். எழுதி முடித்து நிமிர்ந்தபோது, அவள் என் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது கோணலாக இருந்தது.